மாயாபஜார்: சாவித்திரியின் மீசையும் பார்ட்லியின் நிலவும்

பாண்டவர்கள் ஐவரில் ஒருவர்கூடத் திரையில் தலைகாட்டாத மகாபாரதப் படம் ஒன்று உண்டென்றால் அது மாயாபஜார்தான். சூதாட்டம் நடக்கிறது, நாடு போகிறது, வனவாசம் வருகிறது. எல்லாமே நமக்குச் செய்தியாகத்தான் வந்து சேர்கின்றன. படம் உட்கார்ந்திருப்பது துவாரகையில், பலராமன் வீட்டில். அங்கே ஒரு கல்யாணப் பேச்சு கெட்டுப்போகிறது. அபிமன்யுவுக்கு என்று சின்ன வயதிலேயே பேசி வைத்த பெண் பலராமன் மகள் வத்சலா. மாப்பிள்ளை வீட்டார் சொத்துபத்தை இழந்துவிட்டார்கள் என்றதும், பெண்ணின் அம்மா ரேவதிக்கு மனசு மாறிவிடுகிறது. துரியோதனன் மகன் லட்சணகுமாரன் வசதியான இடமாகத் தெரிகிறான். இந்தச் சண்டையில் மாயமும் மந்திரமும் புகுந்தால் என்ன ஆகும் என்பதுதான் கதை.

இந்தக் கதை வியாசரிடம் கிடையாது. வத்சலா கல்யாணம் என்று நாடகக்காரர்களும் கதை சொல்லிகளும் பல மொழிகளில் வளர்த்தெடுத்தது. மௌனப்பட காலத்திலிருந்தே திரும்பத் திரும்பப் படமாகியும் இருக்கிறது. ஆனால் 1957-ல் விஜயா நிறுவனத்துக்காக கே.வி. ரெட்டி தெலுங்கிலும் தமிழிலும் எடுத்ததற்குப் பிறகு, மாயாபஜார் என்றால் அது ஒன்றுதான் என்றாகிவிட்டது. மார்ச் மாதக் கடைசியில் தெலுங்கு, ஏப்ரலில் தமிழ். தெலுங்கில் நாயகி பெயர் சசிரேகா, தமிழில் வத்சலா. நான் தமிழில் பார்த்து வளர்ந்தவன் என்பதால் வத்சலா என்றே எழுதுகிறேன்.

பேய், பூதம், மந்திரம் என்று எதையாவது காதல் கதைக்குள் கொண்டுவரும் படங்களை நான் தேடிப்பிடித்துப் பார்ப்பவன். நம் ஊரில் அந்த வகைக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் பல எனக்குப் பாதியிலேயே அலுத்துப்போவதற்கு ஒரே காரணம்தான்: மாயத்துக்கு எல்லை இருக்காது. பேய் நினைத்தால் எதுவும் செய்யும் என்றால், அடுத்து என்ன நடக்கும் என்று நான் ஏன் கவலைப்பட வேண்டும்? மாயாபஜாரில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிசு. அங்கே இருப்பது பேய்கூட இல்லை, சாட்சாத் கிருஷ்ண பரமாத்மா. அவர் கண் அசைத்தால் கல்யாணம் முடிந்துவிடும். அப்புறம் மூன்று மணி நேரம் எதற்கு?

இதற்குப் படம் கண்டுபிடித்திருக்கும் விடை அத்தனை வீட்டுத்தனமானது. கிருஷ்ணனின் கையைக் கட்டிப்போடுவது அண்ணன் பலராமனின் மரியாதை. அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார். தம்பி அதை எதிர்த்துப் பேசினால் குடும்பம் உடையும். பெண்ணைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், பீமனின் ராட்சச மகன் கடோத்கஜனுக்கு அது ஒரு வேலையே இல்லை. ஆனால் மண்டபத்தில் பெண் இல்லை என்றால் பலராமன் சபையில் தலைகுனிய வேண்டும். ஆகவே பெண்ணும் போக வேண்டும், பெண்ணின் இடத்தில் ஒரு பெண்ணும் இருக்க வேண்டும், மாப்பிள்ளை வீட்டுக்காரர்களே இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஓடவும் வேண்டும். இவ்வளவு நிபந்தனைகளுக்கும் உட்பட்டுத்தான் மாயம் வேலை செய்தாக வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர் முகம் கோணாமல் ஒரு காரியத்தைச் சாதிக்க என்னென்ன நாடகம் போடுவோமோ, அத்தனையும் இங்கே தெய்வம் போடுகிறது. அதனால்தான் சிரிப்பு வருகிறது. அதனால்தான் அடுத்த காட்சி என்ன என்ற பதைப்பும் வருகிறது.

கணக்குப்போட்டுக் கட்டிய கதை என்று இதைத்தான் சொல்வேன். இந்தக் கணக்கு எழுத்தோடு நிற்கவில்லை. படம் எடுத்த விதத்திலும் ஓடுகிறது. படப்பிடிப்பைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவானது: இந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளும் நகைச்சுவையும் ஒரே வேரிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் நேரம் முக்கியம். ஒரு நொடி தப்பினால் இரண்டுமே செத்துவிடும்.

கே.வி. ரெட்டி ஸ்டாப்வாட்சும் கையுமாக ஒத்திகை பார்ப்பவர். அவரிடம் வேலை பார்த்தவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள். வசனம் முழுதாக எழுதி முடித்து, நடிகர்களைப் பேச வைத்து, ஒவ்வொரு காட்சிக்கும் எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று குறித்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் செட்டுக்குப் போவார். எடிட்டிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. மாயாபஜாருக்கு இப்படி முன்னேற்பாடுகளுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. அவரிடம் உதவி இயக்குநராக இருந்த இளைஞர்தான் சிங்கீதம் சீனிவாசராவ். 1987-ல் வசனமே இல்லாமல் ஒரு முழுநீள நகைச்சுவைப் படத்தை எடுத்தவர், 1990-ல் கமல்ஹாசனை நான்கு வேடங்களில் நடிக்க வைத்து மைக்கேல் மதன காமராஜனை எடுத்தவர். நான்கு பேரும் மரவீட்டுக்குள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நிற்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம், இந்தக் கணக்கு எந்தப் பள்ளியில் படித்தது என்று எனக்குத் தோன்றும்.

தயாரிப்பு பி. நாகிரெட்டி, சக்கரபாணி. இந்த இரண்டு பெயர்களும் படம் பார்ப்பதற்கு முன்பே என் தலைமுறைக்கும் எனக்கு முந்திய தலைமுறைகளுக்கும் பழக்கமானவை, அம்புலிமாமா வழியாக. 1947-ல் அவர்கள் தொடங்கிய பத்திரிகை. வேதாளமும் ராட்சசனும் ராஜகுமாரியும் மாதாமாதம் வீட்டு வாசலுக்கு வந்ததும் வடபழனியிலிருந்துதான், கடோத்கஜன் புறப்பட்டதும் அதே வடபழனியில் இருந்த விஜயா வாகினி ஸ்டுடியோவிலிருந்துதான். பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் தெரிந்தவர்கள் எடுத்த படம் என்பது மாயாபஜாரில் நன்றாகத் தெரியும். ராட்சசன் பயங்கரமானவன்தான், ஆனால் குழந்தை மடியில் ஏறி உட்காரலாம் போலிருப்பான்.

சரி, கணக்குப் போட்டு வேலை செய்தவர்கள் என்றால் பணத்துக்கும் அப்படித்தானா என்றால், இல்லை. செட், உடை, தந்திரக் காட்சி என்று செலவு ஏறிக்கொண்டே போனதில் ஒரு கட்டத்தில் படத்தையே நிறுத்தி வைத்தார்கள். பிறகு மனசு மாறி மறுபடியும் எடுத்தார்கள். தச்சர்கள், பெயின்டர்கள், லைட்மேன்கள் என்று ஸ்டுடியோவின் நானூறு பேர் இந்தப் படத்துக்காக உழைத்தார்கள். கலை இயக்கம் மா. கோகலே, கலாதர். துவாரகை நகரம் திரையில் விரியும்போது நாம் பார்ப்பது ஐம்பது அடிக்கு அறுபது அடி இடத்தில் கட்டிய மினியேச்சர். சுமார் ஓரடி அகலத்தில் முந்நூறு வீடுகள், அத்தனைக்கும் விளக்கு. இன்று மினியேச்சர் என்றதும் நமக்கு பொம்மைத்தனம் நினைவுக்கு வருகிறது. இவர்கள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. விளக்குகள் எரியும் ஊராக அதைக் காட்டியதில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. வீட்டில் விளக்கு எரிகிறது என்றால் உள்ளே ஆள் இருக்கிறார்கள் என்று கண் நம்பிவிடும்.

இனி மார்கஸ் பார்ட்லி. ஆங்கிலோ இந்தியர், விஜயாவின் ஒளிப்பதிவாளர். பாதாள பைரவியும் மிஸ்ஸியம்மாவும் அவருடையவை. பின்னாளில் செம்மீனின் கடலையும் அவர்தான் எடுத்தார். இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் அவருடைய நிலவைப் பற்றிப் பேசுவார்கள், நானும் பேசத்தான் போகிறேன். அதற்கு முன்னால், அந்தக் காலத்துத் தந்திரக் காட்சி என்பது என்ன வேலை என்று கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

ஒரு ஆள் மறைய வேண்டும் என்றால், கேமராவை ஆடாமல் அசையாமல் நிறுத்தி, நடிகரை அதே இடத்தில் உறைந்து நிற்கச் சொல்லி, ஓட்டத்தை நிறுத்தி, அவரை மட்டும் வெளியேற்றி, மறுபடி ஓட்ட வேண்டும். நடுவில் பக்கத்தில் நிற்பவர் முந்தானை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் திரையில் குதிக்கும். ஒருவர் இன்னொருவராக மாற வேண்டும் என்றால் முதல் உருவத்தை மெல்ல மங்கவிட்டு, பிலிமை அதே இடத்துக்குப் பின்னோக்கிச் சுற்றி, இரண்டாவது உருவத்தை அதே நிலையில், அதே உயரத்தில், அதே தலைச்சாய்வில் நிறுத்தி மெல்ல வெளிச்சமாக்க வேண்டும். ஒரே சட்டத்தில், அதாவது ஃபிரேமில், பெரிய கடோத்கஜனும் சிறிய மனிதர்களும் வேண்டும் என்றால் மாஸ்க் ஷாட். பாதியை மறைத்து ஒரு தடவை, மீதியை மறைத்து இன்னொரு தடவை. இதில் எதையும் அப்போதே பார்த்துச் சரிசெய்ய முடியாது. மானிட்டர் கிடையாது. லேபிலிருந்து வந்தபிறகுதான் தெரியும். ஒரு தப்பு என்றால் அன்றைய உழைப்பு முழுக்க வீண்.

எதை எப்போது செய்வது என்று கதை எழுதும்போதே முடிவாகியிருக்க வேண்டும் என்பது இதனால்தான். மாயாபஜாரில் மாயம் வரும் இடமெல்லாம் வசனத்தின் முனையில் வருவதைக் கவனித்தால் தெரியும். சகுனியின் ஆட்கள் ஒரு ராஜ உபசாரத்தை எதிர்பார்த்துக் கம்பளத்தில் கால் வைக்கிறார்கள், உடம்பெல்லாம் அரிக்கிறது. படுக்கையில் சாய்கிறார்கள், கட்டில் தூக்கிப்போடுகிறது. பெருமையாகப் பேசி முடிக்கும் அந்த நொடியில்தான் மாயம் நடக்கிறது. அரை நொடி முன்னால் வந்தால் வெறும் வித்தை, அரை நொடி பின்னால் வந்தால் சப்பென்று ஆகிவிடும்.

பெரிய தந்திரம் இல்லாமல் செய்த ஒரு மாயமும் எனக்கு மிகவும் பிடிக்கும். பிரியதர்சினி என்று ஒரு பெட்டி. திறந்து பார்ப்பவருக்கு மனசுக்கு மிகவும் பிரியமானது எதுவோ அது உள்ளே தெரியும். வத்சலாவுக்கு அபிமன்யு. பலராமனுக்குத் தன் சீடன் துரியோதனன். ரேவதிக்கு நகைகள். கிருஷ்ணன் திறந்தால் சகுனி! இந்த ஒரு பெட்டியைக் கைமாற்றி ஒரே காட்சியில் வீட்டில் உள்ள அத்தனை பேரின் மனசையும் விரித்துக்காட்டிவிடுகிறார் கதை எழுதிய பிங்கலி நாகேந்திர ராவ். யார் யார் பக்கம் போவார்கள், எதற்காகப் போவார்கள் என்று அதற்குமேல் ஒரு வரி வசனம் தேவைப்படவில்லை. காதலர்கள் எங்கிருந்தும் முகம் பார்த்துக்கொள்ள அந்தப் பெட்டி உதவுகிறது என்பதால் இன்றைய பிள்ளைகள் பார்த்ததும் வீடியோ கால் என்று கத்துவார்கள். என் அக்கா மகள் அப்படித்தான் கத்தினாள். ஆனால் சகுனி தெரியும் இடத்தில் அவளே அமைதியாகி, “மாமா, கிருஷ்ணருக்கு ஏன் வில்லனைப் பிடிக்கும்?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. சகுனி இல்லாவிட்டால் கிருஷ்ணன் வந்த காரியம் நடக்காதே. அதே சகுனியைக் கடைசியில் உண்மை பேச வைக்கும் சத்தியபீடம் என்ற இன்னொரு பொருளும் படத்தில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. அவசரத்துக்குக் கண்டுபிடித்த மாயம் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாவற்றையும் முன்பே நம் கண்ணில் காட்டிவிடுகிறார்கள்.

இப்போது நிலவு. ஆஹா இன்ப நிலாவினிலே என்ற படகுப் பாட்டு. கண்டசாலாவும் பி. லீலாவும் பாடியது. இந்தப் பாட்டின் மெட்டு எஸ். ராஜேஸ்வர ராவ் போட்டது. அவர் நான்கு பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டுவிட்டு விலகிக்கொண்டார். வாத்தியங்களைச் சேர்த்துப் பதிவு செய்ததும், மற்றப் பாடல்களும் பின்னணி இசையும் கண்டசாலாவின் பொறுப்பாயின. இரண்டு கை பட்ட இசை என்று கேட்கும்போது கொஞ்சமும் தெரியாது.

அந்தப் பாட்டில் பார்ப்பவர்களுக்கு நினைவில் நிற்பது வானத்து நிலா என்று நினைப்போம். எனக்கு நினைவில் நிற்பது தண்ணீர். நிலவொளி என்று நாம் நம்புவது உண்மையில் நீரின் மேல் சிதறும் வெளிச்சத்தையும், முகத்தின் ஓரத்தில் விழும் மெல்லிய கோட்டையும், அவற்றுக்கு நடுவில் விடப்பட்ட இருட்டையும்தான். பார்ட்லி அந்த இருட்டை நிரப்பவில்லை. பெரிய நட்சத்திரங்கள் நடிக்கும் பாட்டு, முகம் தெரியவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்திருக்கலாம். முகங்கள் தெரிகின்றன, ஆனால் பகலைப் போல் தெரியவில்லை. வெளியில் எண்ணூரில் எடுத்தது சில நொடிகள்தான், மற்றதெல்லாம் ஸ்டுடியோ என்று சொல்வார்கள். இதைப் படித்தபிறகு நான் ஒவ்வொரு ஷாட்டாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். எது வெளி, எது உள் என்று என்னால் உறுதியாகப் பிரிக்க முடியவில்லை.

பாட்டின் நகைச்சுவையைப் பற்றி யாரும் அதிகம் சொல்வதில்லை. இளம் காதலர்கள் படகில் திருட்டுத்தனமாகச் சந்திக்கிறார்கள். அப்புறம் கிருஷ்ணனும் ருக்மிணியும் வந்துவிடுகிறார்கள். அதற்கும் பிறகு பலராமனும் ரேவதியுமே வந்து சேர்கிறார்கள். மாட்டிக்கொள்ளப் போகிறார்களே என்று நாம் பதறும்போது, பாட்டு பெரியவர்களையும் தன் வசத்துக்கு இழுத்துக்கொள்கிறது. கோபக்காரப் பலராமன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து நிலாவை ரசிக்கிறார்! கல்யாணத்தைக் கெடுக்கப்போகும் இருவருக்கும் உள்ளே ஒரு காதல் இருந்திருக்கிறது. இதை ஒரு பாட்டுக்குள் சொல்லிவிட்டு, பிறகு அவர்களை எதிர்ப்பக்கம் நிறுத்துவது பெரிய காரியம். அவர்கள் மேல் நமக்கு வெறுப்பு வராது. சந்தியா ருக்மிணியாக அமர்ந்திருப்பதையும் சொல்ல வேண்டும். ஜெயலலிதாவின் அம்மா, அழகான அடக்கம்.

தமிழுக்கும் தெலுங்குக்கும் தனித்தனியாக எடுத்த படம் இது. அதே செட், அதே உடை, ஆனால் ஒரு மொழியில் எடுத்த ஷாட்டை இன்னொரு மொழிக்கும் நடிக்க வேண்டும். கிருஷ்ணனாக என்.டி. ராமராவ், கடோத்கஜனாக எஸ்.வி. ரங்காராவ், வத்சலாவாக சாவித்திரி, மூவரும் இரண்டிலும் உண்டு. அபிமன்யு தெலுங்கில் நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். லட்சணகுமாரன் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. சகுனி தமிழில் நம்பியார். அப்போது ஜெமினியும் சாவித்திரியும் நிஜத்தில் கணவன் மனைவி. தமிழ்ப் படகுப் பாட்டில் அவர்களுக்கு நடுவே உள்ள சகஜத்தை நான் அதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். தெலுங்கில் நாகேஸ்வர ராவின் அபிமன்யு இன்னும் விறைப்பானவன், வீரன். ஜெமினியின் அபிமன்யு முதலில் காதலன், அப்புறம்தான் வீரன். எனக்குத் தமிழ் அபிமன்யுதான் பிடிக்கும். தங்கவேலுவா ரேலங்கியா என்றால் என்னால் தேர்ந்தெடுக்க முடியாது. தங்கவேலு தன் வழக்கமான இழுவைப் பேச்சில் ஒரு இளவரசனின் அசட்டுத்தனத்தை அப்படியே இறக்கிவிடுகிறார்.

ராமராவ் கிருஷ்ணன் வேடத்துக்குத் தயங்கினார் என்பது இன்று நம்ப முடியாத செய்தி. முந்தைய ஒரு படத்தில் சிறிது நேரம் கிருஷ்ணனாக வந்தபோது ரசிகர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் மறுத்தார். கே.வி. ரெட்டி விடவில்லை. கிரீடத்தையும் அலங்காரத்தையும் அவர் முகத்துக்கு ஏற்ப மாற்றி அமைத்து நடிக்க வைத்தார். மாயாபஜாருக்குப் பிறகு தெலுங்கு நாட்டில் கிருஷ்ணன் என்றாலே அவர் முகம்தான் என்று ஆனது. அவருடைய நடிப்பில் எனக்குப் பிடித்தது அவர் எதையும் அதிகம் செய்யாததுதான். சுற்றிலும் எல்லோரும் கத்துகிறார்கள், அழுகிறார்கள், சதி செய்கிறார்கள். அவர் முடிவு தெரிந்த மனிதராக உதட்டோரத்தில் ஒரு சிரிப்போடு நிற்கிறார். பார்க்கிற நாமும் அவரோடு சேர்ந்து ரகசியம் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறோம்.

படத்தின் உச்சம் எனக்கு சாவித்திரிதான். கடோத்கஜன் தூங்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்த் தன் ஆசிரமத்தில் வைத்துவிட்டு, அவள் உருவத்தில் துவாரகைக்கு வருகிறான். அதாவது அதற்குமேல் சாவித்திரி நடிக்க வேண்டியது வத்சலாவை அல்ல, வத்சலாவாக நடிக்கும் கடோத்கஜனை. இன்னும் சரியாகச் சொன்னால், எஸ்.வி. ரங்காராவை. ரங்காராவுக்கு என்று ஒரு நடை உண்டு. தோளை விரித்து, வயிற்றை முன்தள்ளி, தரையை அளந்துகொண்டு வருகிற நடை. வில்லாகப் புருவம் ஏறும், அப்புறம் தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சிரிப்பு வரும். சாவித்திரி இதையெல்லாம் அப்படியே செய்தால் அது மிமிக்ரி. அவர் செய்வது வேறு. யாருமில்லாதபோது தொடையைத் தட்டுகிறார், இல்லாத மீசையை முறுக்குகிறார், கால் அகல நடக்கிறார். யாரோ வருகிற சத்தம் கேட்கிறது. உடம்பு சட்டென்று ஒடுங்கி, கண் தாழ்ந்து, முந்தானை விரலுக்கு வந்துவிடுகிறது. அந்த நாணத்திலும் ஒரு மிகை இருக்கிறது. பெண்கள் இப்படித்தான் வெட்கப்படுவார்கள் என்று ஒரு ராட்சசன் நினைத்துக்கொண்டு செய்கிற வெட்கம்! நிஜ வத்சலாவின் வெட்கம் அப்படி இருக்காது. முதல் பாதியில் அதைப் பார்த்திருக்கிறோம். இரண்டையும் ஒரே நடிகை, ஒரே அலங்காரத்தில், கேமராத் தந்திரம் எதுவும் இல்லாமல் வேறுபடுத்திக் காட்டுகிறார்.

கல்யாணக் குஷியில் மாயவத்சலா ஆடிப்பாடும் இடம் இன்னொன்று. தெலுங்கில் சுசீலாவின் குரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நடுவில் கண்டசாலாவின் ஆண்குரல் வெளிப்பட்டுவிடுகிறது. உள்ளே இருக்கும் கடோத்கஜன் தன்னை மறந்துவிட்டான். குரல் மாறும் அதே கணத்தில் சாவித்திரியின் கழுத்தும் தோளும் மாறுகின்றன, பிறகு சமாளித்துக்கொண்டு திரும்புகின்றன. வாயசைப்பு மட்டும் சரியாக இருந்தால் போதாத இடம். ஒரு எலும்பு பிசகினாலும் கேலிக்கூத்தாகும். மணவறையில் லட்சணகுமாரன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலை மிதித்து அலற வைத்துவிட்டு, சபைக்கு மட்டும் குனிந்த தலை காட்டுவதைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு கொஞ்சமல்ல. என் பாட்டி இந்த இடத்தில், “பாவி மக, என்னமா ஏமாத்தறா பாரு” என்று பெருமையாகச் சொல்வார். அவர் சொன்னது கடோத்கஜனையா சாவித்திரியையா என்று கேட்டதில்லை.

ரங்காராவைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். கல்யாண சமையல் சாதம் என்று திருச்சி லோகநாதனின் குரலில் தஞ்சை ராமையாதாஸின் வரிகள். கல்யாண விருந்து முழுவதையும் ஒற்றை ஆளாகக் காலி செய்யும் காட்சி. பாத்திரங்கள் தாமாக நகர்கின்றன, லட்டுகள் வாயை நோக்கி ஓடிவருகின்றன. ஒரு லட்டை ஒரு சட்டத்துக்கு இம்மி நகர்த்தி, ஒரு சட்டம் எடுத்து, மறுபடி இம்மி நகர்த்தும் வேலை அது. இவ்வளவு தந்திரத்துக்கு நடுவிலும் கண் லட்டைப் பார்க்காமல் அவர் முகத்தைத்தான் பார்க்கிறது. ருசிக்கிறார் அந்த மனிதர். ஊறுகாயைத் தொட்டதும் நாக்கில் உறைப்பு ஏறுவது நமக்குத் தெரிகிறது. நம் ஊரில் இன்றும் பந்தியில் யாராவது சந்தோஷமாகச் சாப்பிட்டால் அந்தப் பாட்டின் முதல் வரியைப் பாடுகிறார்கள். பாடுகிறவர்களில் பலர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள்.

2010 ஜனவரியில் தெலுங்குப் படத்தை வண்ணமாக்கி மறுபடி வெளியிட்டார்கள். ஐதராபாத்தில் ஒரு நிறுவனம் பல காலம் உழைத்துச் செய்தது. மூன்று தலைமுறையாகக் குடும்பத்தோடு போய்ப் பார்த்தார்கள், புதிய கண்கள் கிடைத்தன, அந்த உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். விருந்துக் காட்சிக்கும் மாயக் கடைத்தெருவுக்கும் வண்ணம் பொருந்திக்கூடப் போகிறது. படகுப் பாட்டுக்குப் பொருந்தவில்லை. நீலத்தைப் பூசியதும் அது இரவு என்று யாரோ எழுதி ஒட்டியது போலாகிவிடுகிறது. பார்ட்லி கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலிருந்த அத்தனை சாம்பலையும் எண்ணி எண்ணி வைத்து நிலவைச் செய்தார். சாவித்திரியின் கன்னத்தில் விழும் வெளிச்சத்துக்கும் அவர் பின்னால் உள்ள நீருக்கும் எத்தனை இடைவெளி என்பதுதான் அந்தப் பாட்டு. வண்ணம் அந்த இடைவெளியை அழித்துவிடுகிறது.

2013-ல் இந்தியாவின் மிகச்சிறந்த படம் எது என்று ஒரு ஆங்கிலச் செய்தித் தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் மாயாபஜார் முதலிடம் பெற்றது. அது தெலுங்குப் படத்துக்குக் கிடைத்த பெருமை. தமிழ் மாயாபஜாரைக் கவனிக்க ஆள் இல்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். இதே வடபழனியில், இதே கைகள், ஒவ்வொரு ஷாட்டையும் இரண்டாவது தடவையாக உழைத்து எடுத்த படம். டப்பிங் அல்ல. இணையத்தில் கிடைக்கும் பிரதியில் கோடுகள், சத்தம் கம்மிப்போயிருக்கிறது, படகுப் பாட்டில் இருட்டு எல்லாம் ஒரே சகதியாகிவிட்டது. பார்ட்லியின் நிலவு தமிழில் எப்படி இருந்தது என்று இந்தப் பிரதியை வைத்துச் சொல்லவே முடியாது. நெகடிவ் எங்காவது நல்ல நிலையில் இருந்தால், வண்ணம் எதுவும் வேண்டாம், கருப்பு வெள்ளையிலேயே சுத்தம் செய்து திரையரங்கில் ஒரு வாரம் ஓட்டினால் போதும். ஓட்டுகிற அன்று அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு முதல் காட்சிக்கு நான் போவேன்.

அதுவரைக்கும் ஒரு யோசனை. தெலுங்கின் கருப்பு வெள்ளைப் பிரதி தெளிவாகக் கிடைக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். மொழி தெரியாவிட்டாலும் மாயவத்சலா வரும் பகுதி புரியாமல் போகாது. பிறகு தமிழில் அதே பகுதியைப் பாருங்கள். இரண்டு மொழிக்கும் சாவித்திரி இல்லாத மீசையை எப்படி முறுக்குகிறார், எந்தத் தொடையைத் தட்டுகிறார், யாரோ வரும் சத்தத்துக்கு எத்தனை வேகமாக ஒடுங்குகிறார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான், ஒரே நகைச்சுவையை இரண்டு தடவை புதிதாகச் செய்வது எத்தனை கடினமான வேலை என்று பிடிபடும்.